என் பையில் இருக்கும் மடக்குக் கத்தி

என் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் அடங்கியிருக்கும் மையவாடிக்குள் பெண்பிள்ளைகள் வருவதில்லை. அதனால் உங்களிடம் சொல்ல இருக்கிறதையெல்லாம் தாளில்தான் கொட்ட வேண்டியிருக்கிறது. வேறு யாராவது எடுத்து வாசித்தால் வாசித்துவிட்டுப் போகட்டும். வாப்பா, நான் ஒரு கத்தி வாங்கியிருக்கிறேன். அதைப் பையில் வைத்துக்கொண்டு திகனவிலிருந்து பஸ் ஏறுகிறேன்.

இப்போது உங்களுக்கு நெஞ்சு படபடத்திருக்கும், தெரியும். கொஞ்சம் பொறுங்கள். முழுக்கக் கேட்டுவிட்டு ஏசுங்கள்.

நீங்கள் போன பிறகு மரக்கன்று விற்கும் ஒரு பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒட்டுக் கட்டுவதுதான் வேலை. நல்ல ரம்புட்டான் மரத்திலிருந்து மொட்டைச் சீவி எடுத்து, இன்னொரு கன்றின் பட்டைக்குள் சொருகிக் கட்டவேண்டும். கத்தி கூர் இல்லாவிட்டால் பட்டை நசுங்கிவிடும், ஒட்டுப் பிடிக்காது. எனக்குக் கை நல்லாய் வருகிறது என்று முதலாளி இப்போது வீட்டுத் தோட்டங்களுக்கு அனுப்புகிறார். ஒரு நாள் ஹேவாஹெட்ட, ஒரு நாள் ஹுன்னஸ்கிரிய. கத்தியை நானே கொண்டுபோய் நானே கொண்டுவரவேண்டும்.

நம் வீட்டில் கத்தி என்ற சொல்லே எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? தேவாலயங்களில் குண்டு வெடித்த பிறகு நம் ஆட்களின் வீடு வீடாகத் தேடுதல் நடந்த அந்த நாட்களில், எங்கெங்கோ எடுத்த கத்திகளை மேசையில் பரப்பி டீவியில் காட்டினார்கள். பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். மறுநாள் விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வந்து, மீன் கத்தி, இறைச்சிக் கத்தி, தேங்காய் உடைக்கிற கத்தி எல்லாவற்றையும் அரிசிச் சாக்கில் சுருட்டிக்கொண்டு போனீர்கள். மகாவலி ஆற்றில் எறிந்துவிட்டு, கையில் மீனோடு பின்னேரம்தான் வீட்டுக்கு வந்தீர்கள். கண்டிக்குச் சாமான் எடுக்கப் போனேன், கூட்டாளியைக் கண்டு பேச்சு இழுத்துவிட்டது என்றீர்கள்.

அன்றைக்கு நான் என்ன சொன்னேன்? “மீன வாங்கிட்டு வந்தீக்கிறீங்க, எனத்தால வெட்ட? ஒங்கட பல்லாலயா?” என்றேன். பயந்தாங்கொள்ளி என்றும் சொன்னேன். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். நீங்களும் சிரித்தீர்கள். சிரித்துவிட்டு, தேத்தண்ணி கேட்டீர்கள்.

உங்கள் ஜனாஸா எடுத்த மூன்றாம் நாள் உங்கள் கூட்டாளி ரஸீன் நானா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “மகள், ஒங்கட வாப்பாவ கத்திகள ஆத்துல போட்ட அன்டெக்கிப் பாலத்துல வச்சிப் புடிச்சிட்டாங்க. ஆத்துல எனத்த வீசினன்டு கேட்டீக்கிறாங்க. கோழிக் கழிவுன்டு செல்லீக்கிறாரு. பின்னேரம் அஸர் வரைக்கும் பொலிஸ்ல உக்கார வச்சிருந்தாங்க. நான் போய்த்தான் கூட்டிட்டு வந்த. வீட்டுல செல்லிடாத மச்சான், புள்ளகள் பயந்துடும்ன்டு ஏன்ட கையப் புடிச்சிட்டு அழுதாரு.”

நான் உங்களைப் பல்லால் மீன் வெட்டச் சொன்னது அதே நாள் பின்னேரம், வாப்பா. அதை எப்படி விழுங்குவது? உங்கள் மீது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஏன் சொல்லவில்லை? ஒரு சொல் சொல்லியிருந்தால் என் வாயைத் தைத்துக்கொண்டிருப்பேனே! இதை உம்மாவிடமும் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு வருஷமாக நெஞ்சுக்குள் வைத்திருக்கிறேன்.

அதனால்தான் கத்தி வாங்கும்போது அவ்வளவு யோசித்தேன். ஒரு சட்டத்தரணியிடம் வேலை செய்யும் என் பள்ளிக்கூடத்துத் தோழியிடம் முதலில் கேட்டேன். “பெரிசா வாங்காத. பட்டனைத் தட்டினாப் பாயிறது வேணாம், விரிச்சாப் பூட்டிக்கொள்றதும் வேணாம், ஆயுதம்ன்டு செல்லிடுவாங்க. வேலைக்குரிய கத்தின்டு பாத்த ஒடனே தெரியணும். எதுக்குன்டு கேட்டா ஒரே பதிலச் செல்லணும். வேல இல்லாத நாள் வீட்டுல வச்சிடு” என்றாள். அப்படியென்றால் பிரச்சினையே வராதா என்று கேட்டேன். “முதலாளிட்ட ஒரு கடிதமும் வாங்கி வச்சிக்கொள்ளு” என்றாள்.

கண்டி டவுனில் விவசாயச் சாமான் விற்கும் கடையில் கடைக்காரர் மூன்று கத்திகளை எடுத்து வைத்தார். முதலாவது, விரித்ததும் டக் என்று பூட்டிக்கொள்கிற வகை. வேலை செய்கிறவளுக்கு உண்மையில் அதுதான் நல்லது, விரலில் மடங்காது. ஆனால் அந்த டக் சத்தம் கேட்டதும் அதை மடக்கித் திருப்பி வைத்துவிட்டேன். இரண்டாவது இலேசானது, பூட்டும் இல்லை. ஆனால் கறுப்புக் கைப்பிடி, கூரான முனை. பார்த்தாலே ஏதோ சண்டைக்குப் போகிற சாமான் மாதிரி இருந்தது. மூன்றாவதற்கு மரக் கைப்பிடி. என் சுண்டுவிரல் நீளத்துக்குத்தான் அலகு. நகத்தால் இழுத்துத் திறக்கவேண்டும், முதுகில் அழுத்தினால் மடங்கிவிடும். பட்டையைத் தூக்குவதற்கு அடியில் ஒரு சின்ன நாக்கும் இருந்தது.

“தங்கச்சி, பூட்டு இல்லாத கத்தி. கவனமா வேலை செய்ங்க, கைய வெட்டிடும்,” என்றார் கடைக்காரர்.

“கை வெட்டினா மருந்து போடலாம் முதலாளி, இதைத்தான் தாங்க,” என்றேன். முதல் கிழமையே வெட்டியது. ஆள்காட்டி விரலில் இன்னும் தழும்பு இருக்கிறது.

உம்மா அதைப் பையில் கண்ட அன்று வீட்டில் ஒரே ரகளை. கத்தியைத் தொடக்கூட மாட்டேன் என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். “ஒங்கட வாப்பா வீட்டுல இருந்த கத்தியெல்லாம் கொண்டுபோய் ஆத்துல போட்டாரு. நீ காசு குடுத்து வாங்கிட்டு வந்தீக்கிறாய்!” என்றார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கடைசியில் ஒரு இணக்கத்துக்கு வந்தோம். வழியில் ஒரு தரமாவது யாராவது நிறுத்திக் கத்தியைப் பற்றிக் கேட்டால், அன்றோடு வேலையை விட்டுவிடவேண்டும். நான் சரி என்றேன். அல்லாஹ் மேல் ஆணையிடச் சொன்னார், அதை மட்டும் செய்யவில்லை.

இன்று காலை நிறுத்தினார்கள்.

பெரஹர ஊர்வலக் காலம், டவுனுக்குள் போகிற எல்லோருடைய பையையும் பார்க்கிறார்கள். இது எனக்குத் தெரியாததா? கண்ணாடிக்கு முன்னால் நின்று சிங்களத்தில் சொல்லிச் சொல்லிப் பழகித்தான் போனேன். ‘ஒட்டுக் கட்டுகிற கத்தி, பண்ணையில் வேலை, இதோ முதலாளியின் கடிதம்.’ கேட்பதற்கு முன்னால் நானே எடுத்து மேசையில் வைத்துவிடுவேன் என்றும் முடிவு செய்திருந்தேன். உங்களைப் போல நான் பயப்படமாட்டேன் என்று காட்டத்தான் அந்த ஏற்பாடெல்லாம்.

வரிசை நகர்ந்தது. எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் பைக்குள் பொலிஸ்காரப் பெண் கையை விட்டுத் துழாவினாள். அடுத்து என் முறை. நான் எடுத்து வைக்கவில்லை, அவளே எடுத்தாள்.

“மேக்க மொகட்டத?” இது எதற்கு என்று கேட்டாள். சும்மா, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? பென்சில் சீவ என்றேன்.

படித்துப் படித்துப் பழகிய ஒரு சொல்கூட வரவில்லை வாப்பா. பென்சில்! பையில் ஒரு பென்சில்கூட இல்லை. உடனே சுதாரித்துக்கொண்டு, இல்லை, மரக்கன்றுக்கு என்று உளறினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், முக்காட்டைப் பார்த்தாள், பிறகு கத்தியைப் பார்த்தாள். சார்ஜன்டைக் கூப்பிட்டாள்.

அவர் வயதானவர். கத்தியைத் திறந்து முதுகில் கட்டைவிரலால் அழுத்தினார், மடங்கியது. திரும்பவும் திறந்து அழுத்தினார். பூட்டு இல்லை என்று அவளிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, “பென்சிலா, கன்றா?” என்றார். கடிதத்தை நீட்டினேன். வாங்கி வாசித்துவிட்டு, ஓரமாகப் போய் உட்காரச் சொன்னார்.

பிளாஸ்டிக் கதிரை. யாரும் ஏசவில்லை, அதட்டவில்லை. ஒரு பொலிஸ்காரர் தண்ணீர்கூடக் கொடுத்தார். ஆனால் போகிற வருகிற சனமெல்லாம் பார்த்துக்கொண்டு போனது. தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் உம்மாவின் காதுக்குப் போய்விடுமே என்று முக்காட்டை முகத்துக்கு இழுத்துவிட்டேன். அதையும் தப்பாக எடுப்பார்களோ என்று மறுபடி விலக்கினேன். பண்ணைக்குப் போன் எடுத்தார்கள், பதில் இல்லை. மறுபடி எடுத்தார்கள். முதலாளி பேசி முடிக்கும்வரை ஒரு மணித்தியாலம் அந்தக் கதிரையில் இருந்தேன். என் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் புத்தகத்தில் எழுதினார்கள்.

கத்தியைத் திருப்பித் தரும்போது, “துவே, கேட்டால் முதலிலேயே உண்மையைச் சொல்லு,” என்றார் சார்ஜன்ட். மகள் என்றுதான் கூப்பிட்டார். நல்ல மனுஷன். ஆனாலும் கத்தியைப் பையின் அடியில் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

ஹேவாஹெட்ட பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் போய்ச் சேர்ந்து முதலில் சீவிய மூன்று மொட்டும் பழுதாகிவிட்டன. தோட்டத்து வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்தார்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தேன். உம்மா வாசலிலேயே நின்றார். “எனத்துக்கு இவ்வளவு சொணக்கம்? யாரும் நிப்பாட்டினா?” என்று கேட்டார்.

“இல்ல உம்மா. பஸ் பிந்திட்டு. பைய தொறந்துகூடப் பாக்கல்ல,” என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். நம்பிவிட்டார். கைகால் கழுவிட்டு வா, சோறு போடுறேன் என்று உள்ளே போனார்.

வேலை போய்விடக்கூடாது என்று சொன்ன பொய்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது மட்டும் இல்லை. உம்மாவின் முகத்தைப் பார்த்தபோது அந்தக் கதிரையைப் பற்றிச் சொல்லவே வாய் வரவில்லை. அன்றைக்கு நான் கேலி பண்ணும்போது உங்களுக்கும் இப்படித்தான் இருந்ததா, வாப்பா? எத்தனை வருஷம் இதை வைத்துக்கொண்டு எங்களோடு உட்கார்ந்து சோறு சாப்பிட்டீர்கள்? பயந்தாங்கொள்ளி என்று சொன்னதற்கு என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். நான் அறியாமல் சொன்னது.

ஆனாலும் உங்கள் வழியில் நான் போகமாட்டேன். உம்மா இப்போது குசினியில் சட்டி கழுவிக்கொண்டிருக்கிறார். இந்தத் தாளை மடித்துவிட்டுப் போய், இன்று காலை நடந்ததைச் சொல்லப்போகிறேன். உங்களை உட்கார வைத்த நாளையும் சேர்த்துச் சொல்லப்போகிறேன், கோபிக்காதீர்கள். அழுவார். வேலையை விடு என்று பிடிவாதம் பிடிப்பார். நானும் விடமாட்டேன் என்று சண்டை போடுவேன். இன்றைக்கு விடியும்வரை சண்டை என்றாலும் பரவாயில்லை. நீங்கள் செத்துப்போகும்வரை அந்தப் பொலிஸ் கதிரையில் தனியாகவே இருந்துவிட்டீர்கள். இனி உங்கள் பக்கத்தில் உம்மாவும் நானும் வந்து உட்காருவோம். இது நான் தரும் வாக்கு.

இப்படிக்கு,
வாய் நீண்ட உங்கள் மகள்
ஷிபானா