நிறம் சேராத கற்கள்

அன்புள்ள மகளுக்கு,

நீ கூப்பிட்டபோது வராத மலையூருக்கு, மூன்று வருஷம் கழித்துச் சுற்றுலா பஸ்ஸில் வந்திருக்கிறேன். அருவி அபாரம். உச்சியிலிருக்கும் காவல் கோபுரம் வரை ஏறினேன். முழங்கால் இன்னும் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறது.

கடைசியாகப் பழைய கல்பாலத்துக்குக் கூட்டிப்போனார்கள். முப்பது வருஷம் வீடு கட்டிக்கொடுத்தவன் கண் சும்மா இருக்குமா? வளைவில் பதினொரு கற்கள் மட்டும் வெளுத்துத் தெரிந்தன. "யார் பார்த்த வேலை இது? நிறமே சேரலையே" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

வழிகாட்டிப் பெண் சிரித்தாள். "வெள்ளத்துல போன கல்லுக்குப் பதிலா வச்சது சார். எது பழசு, எது புதுசுன்னு தெரியணும்னு வேணும்னேதான் அப்படி விட்டாங்க. அந்த இன்ஜினியரம்மா ரெண்டு வருஷம் இங்கேயே தங்கி, ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பார்த்து வச்சாங்க."

உடைந்த கல்லை ஒட்டவைப்பதெல்லாம் ஒரு படிப்பா என்று அன்று உன்னிடம் கத்தினேன். அந்த இன்ஜினியர் என் மகள்தான் என்று இன்று சொல்ல வாய் வரவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் டீக்கடைக்கு ஓடிவிட்டார்கள். நான் உன் பாலத்துக்கு அடியில், கரையோரமாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன். முக்கால் மணி நேரமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சொட்டு இறங்கவில்லை.

அப்பா