பெற்றோர் விருப்பப்படி

கிழக்குத் தாம்பரம்
செப்டம்பர் 21

அன்புள்ள ஸ்ரீவித்யா,

இங்கே உன் அண்ணி லோகநாயகிக்கு முட்டிவலி, எனக்கு ரத்த அழுத்தம். மற்றபடி குறையில்லை. நீயும் மாப்பிள்ளையும் ஸ்நேகாவும் சௌக்கியம் என்று உன் செய்தியிலிருந்து தெரிந்துகொண்டேன். வாட்ஸ்அப்பிலேயே பதில் போட்டிருக்கலாம். போட்டால் நீ ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். ஸ்பீட் போஸ்டில் போட்டால் அமெரிக்காவுக்குப் பத்து நாளில் வந்துவிடும் என்கிறார்கள். நீ அந்தப் பட்டியலைக் கொடுக்கக் கடைசி நாள் அக்டோபர் பதினைந்து என்று எழுதியிருக்கிறாய். அதற்குள் இதைப் படித்துவிடு.

உன் பள்ளிக்கு மாநில அரசு இரண்டு வருடமாக 'எஃப்' கொடுத்திருக்கிறது. மூன்றாவது வருடமும் வந்தால் பள்ளியை மூடி, கட்டடத்தை ஒரு தனியார் நிர்வாகத்திடம் கொடுத்துவிடுவார்கள். ஆகவே, தேறமாட்டார்கள் என்று தோன்றும் பதினோரு பிள்ளைகளை, 'வீட்டிலிருந்தே படிக்க வைக்கப் பெற்றோர் விரும்புகிறார்கள்' என்று படிவத்தில் எழுதி வெளியே அனுப்பச் சொல்கிறார் உன் பிரின்சிபால். அவ்வளவுதானே? உன் மூன்று பக்கச் செய்தியை நான் மூன்று வரியில் சொல்லிவிட்டேன். இருபத்தாறு வருடமாகக் கணக்கு வாத்தியாராக இருக்கிற பழக்கம்.

போன வருடம் எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் மாப்பிள்ளை ஷ்யாம்சுந்தரை மேடையேற்றினோம். அமெரிக்காவில் பள்ளிக்கூடத்துக்கே மார்க் போடுகிறார்கள், குறைந்தால் மூடுகிறார்கள், அந்தப் பயம் இருப்பதால்தான் ஆசிரியர்கள் வேலை செய்கிறார்கள் என்று முக்கால் மணி நேரம் பேசினார். நான் முதல் வரிசையிலிருந்து கைதட்டினேன். தாளாளர் ராஜகோபால் கைதட்டவில்லை, குறிப்பெடுத்துக்கொண்டார். அடுத்த வாரமே ஆசிரியர் அறையில் ஒரு பலகை வந்தது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓர் எழுத்து. எனக்கு 'சி'. புதிதாகச் சேர்ந்த ஹர்ஷாவுக்கு 'ஏ'. அந்தப் பெண்ணுக்குப் பின்னம் கழிக்கத் தெரியாது. "இன்னா சார், சி-யா? நம்ம பியூன் சம்பத்தே பி வாங்குவான் போல கீதே" என்று வேன் டிரைவர் சக்திவேல் எல்லார் முன்னாலும் கேட்டான். இதை மாப்பிள்ளையிடம் சொல். நான் மறக்கவில்லை என்றும் சொல்.

பத்தாம் வகுப்பில் நூறு சதவீதம் என்று வாசலில் பேனர் கட்ட ராஜகோபாலுக்கு ஒரு வழி உண்டு. ஒன்பதாம் வகுப்பு முடிவில் சில பிள்ளைகளுக்குப் பாஸ் போட்டு, கையோடு டி.சி.யையும் கொடுத்து அனுப்பிவிடுவார். பெற்றோரே கேட்டு வாங்கியதாக ஒரு கடிதம் மட்டும் வேண்டும். இந்த ஏப்ரலில் என் வகுப்பில் ஏழு பேர். பட்டியல் தந்தால் என் 'சி' 'பி' ஆகும் என்றார். அன்று மாலை உன்னைத்தான் கூப்பிட்டேன். நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "எல்லா எடத்துலயும் நடக்கறதுதானே அண்ணா. நீ எழுதலேன்னா வேற யாராவது எழுதத்தான் போறாங்க. குடுத்துட்டு நிம்மதியா இரு."

எழுதிக் கொடுத்தேன்.

ஏழாவது பெயர் ஜெயஸ்ரீ. அவள் அம்மா பச்சையம்மா பல்லாவரத்தில் தோல் கம்பெனியில் செருப்பு தைக்கிறவள். லீவு கிடைக்காது. ஆகவே மாதிரிக் கடிதத்தைப் பெண்ணிடமே கொடுத்து, அம்மாவிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னேன். மறுநாளே கொண்டு வந்தாள். 'பச்சையம்மா' என்று முத்து முத்தான கையெழுத்து. புள்ளிகளைச் சின்னச் சின்ன வட்டமாகப் போட்டிருந்தது. ஜெயஸ்ரீ விடைத்தாளில் அப்படித்தான் போடுவாள். பார்த்தேன். கோப்பில் வைத்தேன்.

ஆகஸ்ட் 28 மாலை பச்சையம்மா பள்ளிக்கு ஓடி வந்தாள். "சார், மணி ஆறாவுது, பொண்ணு இன்னும் வூட்டுக்கு வரல. ஸ்பெஷல் கிளாஸ் எதுனா கீதா?" என்றாள். பத்தாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயரே இல்லை. ஜூன் முதல் தினமும் அந்தப் பெண் சீருடை போட்டுக்கொண்டு, சோறு கட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறாள். கடிதத்தைக் காட்டச் சொன்னார் ராஜகோபால். படித்துக் காட்டினேன். பச்சையம்மா காகிதத்தைத் தொடவே இல்லை. "எனக்கு ஏது சார் கையெழுத்து? நான் ரேகை வெக்கறவ. ஆறாவது அட்மிஷன் அன்னிக்கு நீங்கதான என் வெரலப் புடிச்சி அழுத்துனீங்க?" என்றாள்.

செம்பாக்கம் ஏரிக்கரையில் ஜெயஸ்ரீயின் பை கிடைத்தது. நோட்டை அடையாளம் காட்டப் போலீஸ் என்னைக் கூப்பிட்டது. டி.சி.யை நனையாமல் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தாள். பத்தாம் வகுப்புக் கணக்குகளை, யாரும் சொல்லித் தராமல், இயற்கணிதம் முடியப் போட்டிருந்தாள். நின்றபடியே திருத்திப் பார்த்தேன். முக்கால்வாசி சரி. அவள் தேறியிருப்பாள், வித்யா. ஏரியில் இரண்டு நாள் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததுதான் நல்ல செய்தி என்கிறாள் உன் அண்ணி.

பச்சையம்மா இப்போது வேலைக்குப் போவதில்லை. காலை மணி அடிக்கும்போது பள்ளி வாசலுக்கு எதிரே வந்து நிற்கிறாள். கத்துவதில்லை, அழுவதில்லை. உள்ளே போகும் ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்க்கிறாள். கடைசியில் என்னைப் பார்க்கிறாள்.

மற்ற ஆறு பேரைத் தேடிப் போனேன். நான்கு பேர் வேறு பள்ளியில் சேர்ந்துவிட்டார்கள். இரண்டு வீட்டில் கதவைத் திறந்தவர்கள், "ஸ்கூலுக்குத்தான் போயிருக்கு சார்" என்று என்னிடமே சொன்னார்கள். எந்த ஸ்கூல் என்று கேட்காமலே திரும்பி வந்துவிட்டேன். நாளை மறுபடி போக வேண்டும்.

கடிதத்தின் அசலை, "என்கிட்ட குடுத்துடுங்க சார், பத்திரமா இருக்கும்" என்று ராஜகோபால் இரண்டு முறை கேட்டுவிட்டார். நாளை அதைப் போலீஸில் கொடுத்து, தெரிந்தேதான் வாங்கி வைத்தேன் என்று எழுதித் தரப் போகிறேன். அதன் நகல் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். அந்த வட்டப் புள்ளிகளைப் பார்.

உன்மேல் கோபமில்லை என்று எழுத நினைத்தேன். இருக்கிறது. ஏப்ரலில் ஒரே ஒரு தடவை 'வேண்டாம் அண்ணா' என்று சொல்லியிருக்கலாம். நீ சொல்லாததை நான் உனக்குச் சொல்கிறேன். வேண்டாம், வித்யா. பள்ளியை மூடினால் மூடட்டும். அந்தப் பதினோரு பேரும் அக்டோபர் பதினாறாம் தேதி காலையில் உன் வகுப்பில் இருந்தார்கள் என்று எனக்கு எழுது. ஒவ்வொரு பெயராக எழுது.

நீ நன்றாக இரு. ஸ்நேகா பள்ளிவிட்டு வந்ததும், இன்று என்ன பாடம் நடந்தது என்று கேள். தினமும் கேள்.

உன் அண்ணன்,
ஸ்ரீரங்கன்