ஊசிச் சத்தம்

மார்ச் 4

அன்புள்ள குட்டிக்கு,

உன் பயிற்சி முகாமில் கைபேசியைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறார்கள். அதனால் மறுபடியும் காகிதம்.

படத்தின் கடைசிக் குத்துச்சண்டைக் காட்சியைத் தொகுத்துவிட்டேன். கதாநாயகிக்கு டூப்பாக அடி வாங்குவது உன் முதுகு. வலியைக் காட்டுவது மட்டும் அவள் முகம். நீ விழும் இடத்தில் படத்தை மெதுவாக்கினேன். கூட்டத்தின் இரைச்சலை அறுத்துவிட்டுக் கொசு ரீங்காரம் போல ஓர் ஊசிச் சத்தத்தை மட்டும் நீளவிட்டேன். பார்ப்பவர்கள் அவள் தலைக்குள்ளேயே போய்விடுவார்கள். பழைய தந்திரம்தான். இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் சோப்பு விளம்பரத்துக்கே அழுபவர்.

உன் கோச்சுக்கு அந்தக் காட்சியின் ஒரு பிரதி இத்துடன். வேளாவேளைக்குச் சாப்பிடு.

அம்மா

மார்ச் 9

அம்மாவுக்கு,

கோச் லேப்டாப்ல எல்லாரும் பார்த்தோம். நான் விழுந்தப்போ ஒரே விசில். "உங்கம்மா பொல்லாத ஆளு"ன்னார் கோச்.

அந்தச் சத்தத்தை எப்படிம்மா கண்டுபிடிச்சே? அச்சு அசல் அதேதான்! ஷூட்டிங் முடிஞ்சதுலேர்ந்து இடது காதுல கேட்டுக்கிட்டே இருக்கு. தூங்கினா போயிடும்னு பார்த்தேன், போகல. பரவால்ல, பழகிடுச்சு.

இருபதாம் தேதி போட்டி. திட்டாதே.

உன் முரட்டுப் பொண்ணு

மார்ச் 12

குட்டி,

திட்ட வாய் வரவில்லை. அந்தச் சத்தம் நான் குமிழைத் திருகி உண்டாக்கியது. அது உன் காதில் எப்படி?

வெட்டாத ஷாட்டை எடுத்து, இசை இல்லாமல், மெதுவாக்காமல் ஓட்டிப் பார்த்தேன். இசையோடு பார்த்தால் வீராங்கனை. இசையை எடுத்துவிட்டால், வழி தெரியாமல் நிற்கும் என் பெண். எழுந்ததும் உன் மூலைக்குப் போகாமல் எதிராளியின் மூலைக்கு நடக்கிறாய். இடது கை தொங்குகிறது. நன்றாக நடிக்கிறாய் என்றல்லவா நினைத்தேன்!

முகாமில் யாரும் போனை எடுக்கவில்லை. ஷாட்டைக் கூரியரில் அனுப்புகிறேன். கோச்சும் நீயும் பாருங்கள். போட்டி வேண்டாம். பதில் வராவிட்டால் நானே வந்து வாசலில் நிற்பேன்.

அம்மா

மார்ச் 14

அம்மா,

பார்த்தோம். இந்தத் தடவை யாரும் விசிலடிக்கல. கோச் திரும்பத் திரும்ப ஓட்டினார். அப்புறம் லேப்டாப்பை மூடிட்டு, "போட்டி கிடையாது, கையுறையைக் கழட்டு"ன்னார்.

"நடிப்புதான் சார்"னு சொல்ல வாயெடுத்தேன். முடியலம்மா. விழுந்தது ஞாபகம் இருக்கு. எழுந்து நடக்கிறாளே, அவளை எனக்குத் தெரியவே இல்ல.

திங்கக்கிழமை தலைக்கு ஸ்கேன். கோச் என்கூட வர்றேங்கறார். அவர் வேணாம், நீ வா. நான் பயந்து நீ பார்த்ததே இல்லேல்ல?

சீக்கிரம் வா.

குட்டி