ஏழு பிளாப்பிகளும் ஒரு மணி நேர அனுமதியும்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை (வயது 78),
மாடி வீடு, நூலகத்தின் பின் தெரு.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பொது நூலகத் துறை.

பொருள்: நான் நன்கொடையாக அளித்த கணினியில் என் கணவரின் பிளாப்பியை (பழைய கணினி வட்டு) இயக்கிப் பார்க்க அனுமதி மறுக்கப்பட்டது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. குடிநீர் வாரியத்தில் வரைவாளராக இருந்த என் கணவர், தனிநபர் கணினிகள் புதிதாக வந்த நாட்களில் ஒன்றை வாங்கினார். நிரல் எழுதினால் 'பொருள்நோக்கு நிரல்மொழி' (object-oriented) என்ற கணினி மொழியில்தான் எழுதுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். அது பெரிய இயந்திரங்களுக்கு மட்டுமே உண்டு என்று கடைக்காரர்கள் கைவிரித்தார்கள். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு எழுதிப்போட்டு, பதினொரு மாதம் காத்திருந்து, ஏழு பிளாப்பிகளில் அதை வரவழைத்தார்.

2. சாலை விரிவாக்கத்தில் இடிபட்ட எங்கள் முதல் வீட்டை அந்த மொழியில், கணினிக்குள் இயங்கும் நிரலாக எழுதத் தொடங்கினார். அதில் ஒவ்வொரு பொருளும் தன் வேலையைத் தானே அறிந்திருக்குமாம். சன்னலிடம் சொன்னால் சன்னல் திறக்கும். குளியலறைக் குழாய் முன்போலவே சொட்டும்.

3. அவர் காலமானபின் கணினியைத் தங்கள் நூலகத்துக்கு அளித்தேன். அச்சிட்ட ஒட்டுச்சீட்டு உள்ளவை பொதுச்சொத்து, கையெழுத்து உள்ளது என்னுடையது என்று நானே பிரித்து, அந்த ஏழு பிளாப்பிகளையும் கணினியோடு கொடுத்துவிட்டு, "வீடு" என்று அவர் எழுதியிருந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். அந்த ஏழும் இல்லாமல் இந்த ஒன்று திறக்காது என்பதைப் பழுதுபார்ப்பவர் சொல்லித்தான் அறிந்தேன். தவறு என்னுடையது. அந்த நிறுவனமும் இப்போது இல்லை.

4. நூலகரை இருமுறை அணுகினேன். வெளியார் பிளாப்பியை உள்ளே செலுத்த விதி இல்லை என்றார். "அம்மா, அந்தக் கம்ப்யூட்டரையே இந்த மாசக் கடைசில கழிச்சுக்கட்டப் போறோம்" என்றும் சொன்னார். கழித்துக்கட்டப் போகும் இயந்திரத்துக்கு என் பிளாப்பியால் என்ன தீங்கு நேரும் என்று கேட்டேன். தங்களுக்கு எழுதச் சொன்னார்.

5. இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆயினும் காரணம் கூறாத மனு முழுமையாகாது. அவர் அந்த வீட்டை எழுதிக்கொண்டிருந்த நாட்களில் ஒருநாள் மாலை, நான் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது, என் கணவர் வாசற்படியில் வந்து நின்றார். "உன்னையும் உள்ள வெச்சிருக்கேன். கூப்பிட்டா 'இதோ வரேன்'னு சொல்லுது, வரத்தான் மாட்டேங்குது. வந்து பாரேன்" என்றார். "முழுசா முடிச்சுட்டுக் கூப்பிடுங்க. அரைகுறையா எனக்கு எதுவும் வேண்டாம்" என்றேன். அவர் மறுபடி கூப்பிடவில்லை. அடுத்த மாதம் மருத்துவமனையில் சேர்ந்தவர் வீடு திரும்பவில்லை.

6. ஆகவே, கணினியை அகற்றுமுன், தங்கள் ஊழியர் முன்னிலையிலேயே, ஒரு மணி நேரம் அதன் எதிரே அமர எனக்கு எழுத்துமூலம் அனுமதி வழங்க வேண்டுகிறேன். எதையும் எடுத்துச் செல்லமாட்டேன். அவர் தம்மையும் அந்த வீட்டில் எங்கேனும் வைத்திருக்கிறாரா என்று அறைஅறையாகக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். வேலை பாதியில் நின்றிருந்தாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை.

இடம்: மேற்படி முகவரி
தேதி: மார்ச் 11

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
காலஞ்சென்ற வரைவாளரின் மனைவி

இணைப்பு: நன்கொடை ரசீதின் நகல். பிளாப்பி இணைக்கப்படவில்லை, அதை நானே கொண்டுவருவேன்.