ரெட்டக் கொம்பு

புரட்டாசி 9, செவ்வாய்

பாப்பு, காலையிலருந்து தூத்தல். துணியெல்லாம் வீட்டுக்குள்ள. நீ இல்லாத நாலாம் மாசம். உன் மஞ்சச் சுடிதாரையும் அலசிக் காய வச்சேன். அழுக்கில்ல, சும்மாதான்.

செக்காலை ஆபீசுல உன்கூட வேலை பாத்த ஸ்டெல்லா வந்தா. கடைக்காரக வெப்சைட்டுக்கெல்லாம் அடியில வர்ற வரி, தொட்டா வேற பக்கம் தெறக்குமே, எல்லாக் கடைக்கும் ஒண்ணா அதப் போட்டுக் குடுக்குற வேலைய இப்ப அவ ஒண்டியாப் பாக்குறா. நாப்பது கடை. ரெண்டு முறுக்குத் தின்னா. என்னமோ சொல்ல வந்து, சொல்லாமலே பொய்ட்டா.

புரட்டாசி 10, புதன்

வெயில். இட்லிக்கு ஊற வச்சாச்சு. உளுந்து பத்தல.

ஸ்டெல்லா போன். நகைக்கடைக்காரர் சண்டையாம். "ஏத்தா, எங்க பக்கத்துக்கு அடியில 'பொய்'யின்னு போட்டிருக்கீகளே, எவன் தங்கம் வாங்க வருவான்?"

நான் எழுதிக் குடுத்த வரிதான். "போய்ட்டு வாங்க". ஒத்தக் கொம்பு போட்டு "பொய்ட்டு வாங்க"ன்னு எழுதிருக்கேன். வெக்கமாப் போச்சு. பெறகு சிரிப்பு வந்துருச்சு.

"ஒரு எடத்துல திருத்துனா நாப்பதும் மாறிரும். திருத்தவாம்மா?"

வந்து காட்டு, பாத்துச் சொல்றேன்னேன். உன் கையால ஏத்துனதாச்சே.

வாசல்ல நின்னு "போறேன்"ம்ப. "போய்ட்டு வாரேன்னு சொல்லுடி"ன்னு கத்துவேன். "தாள்ல எழுதிக் குடும்மா, ஊருக்கே சொல்லிருவோம்"ன்னு வாங்கிட்டுப் போன.

நேத்து எழுதுனதப் பெரட்டிப் பாத்தேன். அதுலயும் ஒத்தக் கொம்பு.

புரட்டாசி 12, வெள்ளி

தலைக்கு ஊத்துனேன். ஸ்டெல்லா லேப்டாப்போட வந்தா.

அந்த வரிக்குப் பக்கத்துல, வெளிய யாருக்கும் தெரியாம, உள்ள வேலை பாக்குறவகளுக்கு மட்டும் தெரியுற மாதிரி, நீ எழுதி வச்சிருக்க: "அம்மா எழுதுனது. தப்புத்தான். யாரும் கை வைக்காதீக."

மூணு தடவ படிச்சேன்.

"அப்ப விட்டுருவோம்மா"ன்னா.

வேணாம்த்தா, கடைக்காரகளுக்கு என்னால எதுக்குக் கேலின்னேன். எந்தப் பொத்தான்னு அவ காட்ட, நானே ஒரு வெரலால ரெட்டக் கொம்பு வச்சேன். நாப்பதும் மாறிருச்சு. உங்க ஆபீசோட சொந்தப் பக்கத்துல மட்டும் பழசே இருக்கட்டும்னுட்டேன். அவ மூக்க உறிஞ்சுனா. கேட்டா சளியாம்.

கெளம்புறப்ப, "போய்ட்டு வாரேம்மா."

நீ சிங்கம்புணரிக்கு வண்டி எடுத்தியே, திரும்பி வராத அன்னிக்கு, உள்ள மிக்சி ஓடிக்கிட்டு இருந்துச்சு. வாசல்லருந்து என்னமோ சொன்ன. நானும் சரி சரின்னேன்.

பாப்பு, போறேன்னியா, போய்ட்டு வாரேன்னியா?