அப்பா, அந்த ஏரியலை ஏன் பிடித்துக்கொண்டே இருந்தீர்கள்?

என் செல்ல அப்பாவுக்கு,

எங்கே இருந்தாலும் காதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கள்.

நீங்கள் போய் நாலு மாதம் ஆகிறது. மார்க்கையன்கோட்டையில் எல்லாரும் சுகம். வாழை குலை தள்ளிவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் குறைவில்லை. உங்கள் ரேடியோதான் எங்களைப் பாடாய்ப் படுத்திவிட்டது. அதைச் சொல்ல எழுதுகிறேனா, கேட்க எழுதுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

உங்கள் கருமாதி அன்று அம்மா வீடு முழுக்கக் கழுவிவிட்டாள். பாய், போர்வை எல்லாம் அலசிக் காயப்போட்டாள். ரேடியோவைத் தண்ணீரில் முக்க முடியாதே, தீட்டுக் கழியட்டும் என்று ஈரத்துணியால் நாலு தரம் துடைத்து ஜன்னலில் வைத்தாள். மறுநாள் காலையில், நீங்கள் போனபிறகு முதல் தடவையாகப் போட்டால், எப்.எம்மில் ஒரே இரைச்சல். அதற்குப் பின்னால், கிணற்றுக்குள் இருந்து யாரோ பேசுகிற மாதிரி ஒரு குரல்.

நான் கத்திவிட்டேன். "ரேடியோவுல ஈரத்துணியப் போடுவாகளா? அப்பா ஆசையா வச்சிருந்தது அது ஒண்ணுதான். அதையும் கெடுத்துட்டியே!"

ஒன்றுக்கு ஒன்பது பேசுகிற அம்மா வாயை மூடிக்கொண்டாள். அன்றிலிருந்து உங்கள் பொருள் எதையும் தொடுவதில்லை. உங்கள் சட்டை கொடியிலேயே கிடந்தது. கண்ணாடியை எடுத்து வைக்கச் சொன்னால், "நான் தொட்டா வெளங்காது ஆத்தா, நீயே எடு" என்றாள். உங்கள் படத்துக்குப் பூ வைக்கக்கூட என்னைத்தான் கூப்பிட்டாள். ரேடியோ சரியானால் அம்மாவும் சரியாகிவிடுவாள் என்று நினைத்துத்தான் அதில் கை வைத்தேன்.

பேட்டரிக் கட்டையைப் புதிதாகப் போட்டேன். துருப்பிடித்த ஸ்பிரிங்கை உப்புத்தாளால் தேய்த்தேன். எல்.இ.டி. பல்பையும் போன் சார்ஜரையும் அணைத்தால் இரைச்சல் குறையும் என்றார்கள். குறைந்தது, ஆனால் பாட்டு வரவில்லை. எப்.எம் நிலையம் இருக்கும் கொடைக்கானல் மலைத் திசைக்கு ஏரியலைத் திருப்பினேன். பீரோ மேல் வைத்தேன். ஏரியலிலிருந்து ஒரு ஒயரை இழுத்துத் துணி காயப்போடும் கம்பியில் கட்டினேன். மாடிக்குக் கொண்டுபோனால் மலையாளம் லேசாகக் கேட்டது. அம்மா படியில் நின்று கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "மழை வருதுங்குறான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அவளுக்கு எங்கே மலையாளம் தெரியும்?

இன்னொரு கூத்தும் நடந்தது. இடம் மாற்றி வைக்க ஏரியலைப் பிடித்துத் தூக்கினால் கணீரென்று பாடுகிறது. கீழே வைத்தால் இரைகிறது. பிடித்தால் பாட்டு, விட்டால் இரைச்சல். "ஒனக்கு ஒங்கப்பா கைராசி இருக்கு. எனக்குத்தான் இல்ல" என்றாள் அம்மா. எனக்குச் சுருக்கென்றது. மறுநாளே பையில் போட்டுக்கொண்டு கம்பத்துக்கு பஸ் ஏறினேன்.

அங்கே ஜீப்புகளுக்கு ஸ்பீக்கர் மாட்டிக் கொடுக்கிற ஒரு அண்ணன் இருக்கிறார். கேரள எஸ்டேட்டுக்குப் போகிற டிரைவர்களோடு பழகிப் பழகி, பெண்கள் யாரைப் பார்த்தாலும் அவருக்குச் சேச்சிதான். பின்பக்கத்தைக் கழற்றி என்னிடம் காட்டினார்.

"இங்கன பாருங்க சேச்சி. ஏரியலுக்கு அடியில ஒயரு விட்டுக் கெடக்கு. ஏரியலப் புடிச்சு ஒரு பக்கமா அழுத்துனா தொடும், பாடும். கைய எடுத்தா போச்சு."

"ஈரம் பட்டு விட்டுருச்சாண்ணே?"

"ஈரமா? விட்ட மொனையில பச்சையா களிம்பு ஏறியிருக்கு பாருங்க. இது விட்டு வருசக்கணக்காச்சு. வச்சிருந்தவுக கையில புடிச்சுக்கிட்டேதான் கேட்டிருக்காக. ஒரு பொட்டு ஈயம் வச்சா தீந்துச்சு. வைக்கவா?"

நான் வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள், எனக்குப் புரியவில்லை. உத்தமபாளையம் தாண்டும்வரை மூளையே ஓடவில்லை. அதற்குப் பிறகுதான் நீங்கள் உட்காரும் விதம் கண்முன் வந்தது.

தினமும் விடிந்ததும் அடுப்படி நிலைப்படியில் உட்காருவீர்கள். ரேடியோ மடியில், இடது கை ஏரியலில். அம்மா வாசல் தெளித்து, பாத்திரம் கழுவி, அடுப்பு மூட்டி முடிக்கிறவரை அந்தக் கை அசையாது. அதுதான் உங்கள் தோரணை என்று நினைத்திருந்தோம். தோட்டத்து மோட்டாரையே பிரித்து மாட்டுகிற உங்களுக்கு ஒரு பொட்டு ஈயம் வைக்கத் தெரியாதா அப்பா? ஒரு ரப்பர் பேண்டு போட்டிருந்தாலும் நின்றிருக்குமே. சோம்பலா? அம்மா பாட்டுக் கேட்டுக்கொண்டே வேலை செய்யட்டும் என்றா? இல்லை, கை சும்மா இருந்தால் தண்ணீர் தூக்கச் சொல்வாள் என்றா? மூன்றுமே நீங்கள் செய்யக்கூடியவர்தான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

"அப்ப நான் தொடச்சதால கெடலையா?"

"இல்லம்மா. ரொம்ப வருசத்துக்கு முந்தியே போயிருச்சு. அப்பாதான் புடிச்சுக்கிட்டு இருந்திருக்காக."

அம்மா ரேடியோவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஏரியலைப் பிடித்து அழுத்தினாள். பாட்டு வந்தது. விட்டாள், போனது. மறுபடி பிடித்தாள்.

"இதுக்கா? இதுக்கா இப்பிடி ஒக்காந்திருந்தாக? ஒரு வாளித் தண்ணி தூக்கக் கை வருதான்னு தெனமும் வஞ்சேனே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அந்த மனுசன்?"

நீங்கள் போன அன்று அம்மா இப்படி அழவில்லை. பாட்டு முடிந்து விளம்பரம் ஓடியது. அவள் கையை எடுக்கவில்லை.

பிறகு மூக்கைச் சிந்திவிட்டு என்னை ஏசினாள். "அங்கன வரைக்கும் போயிட்டு அத ஏன் பத்த வைக்காம வந்த? நாளைக்கே கொண்டு போ. ஒங்கப்பா மாதிரி ஒக்காந்திருக்க எனக்கு முடியாது. ரெண்டு கைக்கும் வேல கெடக்கு." நாலு மாதம் கழித்து அவளிடம் ஏச்சு வாங்கியது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

ஈயம் வைத்தாகிவிட்டது. இப்போது தானாகவே பாடுகிறது. உங்கள் சட்டையை அம்மாவே மடித்து வைத்துவிட்டாள். ஆனால் அன்று நான் கத்தினேனே, அதற்கு இன்னும் அவளிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் மறந்துவிட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவளாவது மறப்பதாவது! நீங்கள் ஏன் சொல்லவில்லை என்று ஒரு பக்கம் முழுக்க உங்களைக் கேட்டுவிட்டு, நான் செய்துகொண்டிருப்பதும் அதைத்தான்.

அம்மா அடுப்படியில் இருக்கிறாள். பேனாவை மூடியதும் எழுந்துபோய், "தப்பு என் மேலதாம்மா" என்று சொல்லப்போகிறேன். இது உங்கள் மேல் சத்தியம்.

வாயைத் திறக்காத குணத்தை உங்களிடமிருந்து வாங்கிக்கொண்ட,
உங்கள் மூத்த மகள்
செல்வி