கதவு திறந்தும் வராத தம்பி

1919 மே 3, சனி
துவைத்துப் போட்ட காலுறை இன்னும் காயவில்லை. திங்களன்று கணக்குத் தேர்வு. விடுதியில் ஒருத்தியும் புத்தகத்தைத் திறக்கவில்லை. ஜெர்மனி நம்மிடமிருந்து பிடுங்கி வைத்திருந்த ஷாண்டோங் பகுதியை, பாரிசில் சமாதானம் பேசக் கூடியிருப்பவர்கள் ஜப்பானுக்குத் தூக்கிக் கொடுக்கிறார்களாம். போரில் நாமும் அவர்கள் பக்கம்தானே நின்றோம்? தம்பி பெய்யுவான் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டு ஓடினான். நாளை எல்லாக் கல்லூரிப் பையன்களும் ஊர்வலம் போகிறார்கள்.

மே 4
போனார்கள். பெண்களை வெளியே விடவில்லை. மாடி ஜன்னலிலிருந்து கொடிகளின் நுனி மட்டும் தெரிந்தது.

மே 8
அன்று ஊர்வலத்தில் கைதானவர்களுக்கு நேற்று விடுதலை. பெய்யுவான் அவர்களில் இல்லை. அவனுக்குத் தொலைந்தது ஒரு செருப்பு மட்டும்தான். போலீஸ் தன்னைப் பிடித்துக்கொண்டு போகவில்லையே என்று முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான்.

ஜூன் 3
இன்று அவனைப் பிடித்துவிட்டார்கள். தெருமுனையில் கூட்டம் கூட்டிப் பேசிக்கொண்டிருந்தானாம். சிறையில் இடமில்லாமல் கல்லூரிக் கட்டடத்திலேயே நூற்றுக்கணக்கில் அடைத்து, சுற்றிலும் சிப்பாய்கள் கூடாரம் போட்டிருக்கிறார்கள். பாவோடிங்கில் இருக்கும் அம்மாவுக்குத் தந்தி கொடுக்கலாமா? கொடுத்தால் அழுவாள். கொடுக்காவிட்டால் என்னை உயிரோடு விடமாட்டாள் —
கொடுத்துவிட்டேன்.

ஜூன் 4
விடுதியின் பின்பக்கக் கதவை உடைத்தோம்! கரப்பான்பூச்சிக்கே கட்டில்மேல் ஏறும் என் அறைத்தோழி லுவோ சின்தான் முதலில் தோள் கொடுத்து முட்டினாள். நீலச் சட்டை, கறுப்புப் பாவாடை, வரிசை வரிசையாக நாங்கள். கண்ணெல்லாம் புழுதி. ஒரு ரிக்‌ஷாக்காரர் வண்டியை ஓரங்கட்டி, "பொண்ணுங்களே கெளம்பிட்டாங்கப்பா" என்றார். அதைக் கேட்டுப் பிடித்த சிரிப்பு, ஜனாதிபதி மாளிகை வரை அடங்கவில்லை. ஜனாதிபதி எங்களைப் பார்க்கவில்லை. பையன்களை விடச் சொல்லும் கோரிக்கையை மட்டும் யாரோ வாங்கிக்கொண்டார்கள். இருக்கட்டும். நடந்தோமே.

ஜூன் 6
நேற்றுச் சிப்பாய்கள் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். காலை ரயிலில் அம்மா வந்தாள். சிறுவயதிலேயே துணியால் இறுகக் கட்டிக் குறுக்கிய பாதங்களோடு என்னைவிட வேகமாக நடந்தாள். பையன்களை அடைத்த கட்டடத்தின் கதவு திறந்தே கிடந்தது. பெய்யுவான் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "அக்கா, நாங்க வர மாட்டோம்" என்றான்.
"கதவு தெறந்துதானேடா கிடக்கு?"
"புடிச்சவங்க வந்து மன்னிப்புக் கேக்கட்டும். அப்புறம் வர்றோம்."
அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அழப்போகிறாள் என்று கைக்குட்டையை எடுத்தேன்.
"சாப்பிட்டியாடா?"
"நேத்து கொஞ்சம் கஞ்சி."
அம்மா என் பக்கம் திரும்பினாள். "இந்த ஊர்ல மாவு எங்கடி கெடைக்கும்?"

ஜூன் 8
இரண்டு நாளாக விடுதிச் சமையலறை அம்மாவின் கையில். மாவு பிசைய, உருட்ட, ஆவியில் வேகவைக்க என்று ஆளுக்கொரு வேலை. எங்களை மே மாதம் வெளியே விடாத கண்காணிப்பாளர் அம்மாளும் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வெந்த உருண்டைகளை நாங்கள் கூடை கூடையாகப் பையன்களுக்குச் சுமந்துகொண்டு போனோம். அரசாங்கத்திலிருந்து ஆள் வந்து வருத்தம் தெரிவித்த பிறகுதான் பையன்கள் வெளியே வந்தார்கள். ஒரே பட்டாசு. அம்மா அவன் சட்டையைத் தட்டிவிட்டாள். அதே கையால் முதுகில் ஒன்று வைத்தாள்.

ஜூலை 2
பாரிசில் நம்மவர்கள் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. போடவே இல்லை!

1950 மே 4
இந்த நாளை இளைஞர் தினமாக அரசு அறிவித்தபின் வரும் முதல் மே நான்கு. வகுப்பில் ஒருத்தி கேட்டாள்: "அந்த வருஷம் நீங்க ஊர்வலம் எப்படி டீச்சர் போனீங்க?"
"சிரிச்சுக்கிட்டே போனோம்" என்றேன். அவள் நம்பவில்லை. 'வீர முழக்கத்தோடு' என்று எழுதிக்கொண்டாள். விட்டுவிட்டேன்.
மதியத்தோடு இளையவர்களுக்கு விடுமுறை. ஐம்பதைத் தொட்ட எனக்கு இல்லை. விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது பெய்யுவான் வந்து நின்றான்; தலையில் முடியே இல்லை. அவன் அலுவலகத்தில் சின்னப் பசங்கள் எல்லோரும் கிளம்பிவிட்டார்களாம்.
"நமக்கு லீவு கெடையாதாம்க்கா. இது நியாயமா?"
விடைத்தாள்களை மேசைக்குள் தள்ளிவிட்டு எழுந்தேன். பெய்ஹாய் ஏரியில் படகுக்கு நீண்ட வரிசை. எங்களுக்கு முன்னும் பின்னும் இருபது வயதுக்காரர்கள். நாங்களும் நின்றோம்.